‘முகம் தெரியாதவரிடம் திரையில் என்ன பேசுவது?’ என்கிறார் கணவர்

கேள்வி:

எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருடங்கள் ஆகின்றன. 8 வயதில் ஒரு மகன். கணவர் இரண்டு வருடமாக வேறு ஊரில் வேலை பார்க்கிறார். மாதத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். தினமும் இரவு வீடியோ காலில் பேசுவோம். மகனின் பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்கும் பேச்சு கடைசியில் பணத்திலோ, ‘காலையிலிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லையே’ என்பதிலோ போய் முட்டும். நான் பேசப் பேச அவர் மௌனமாகிவிடுவார். ‘சரி, விடு’ என்று போனை வைத்தால் அப்புறம் இரண்டு நாள் பேச்சே இருக்காது. அடிப்பது, மிரட்டுவது எல்லாம் கிடையாது. வேறு தொடர்பு என்ற சந்தேகமும் இல்லை. ஆனால் நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்பதே ஞாபகமில்லை. ஆன்லைனில் தம்பதிகளுக்குக் கவுன்சலிங் கொடுக்கிறார்களாம், போகலாமா என்று கேட்டேன். ‘நம்ம வீட்டு விஷயத்தை முகம் தெரியாதவரிடம் திரையில் என்ன பேசுவது?’ என்கிறார். நேரில் போகாமல் இப்படிப் பேசுவதால் உண்மையிலேயே பலன் இருக்குமா? உள்ளே என்னதான் நடக்கும்? யாருடைய தப்பு என்று தீர்ப்புச் சொல்வார்களா? அவர் கடைசிவரை வரவே மாட்டேன் என்றால் நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘நான் பேசப் பேச அவர் மௌனமாகிவிடுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கடிதத்தை உங்கள் கணவர் எழுதியிருந்தால், ‘நான் பேசாமல் இருக்க இருக்க அவள் இன்னும் அதிகமாகப் பேசுகிறாள்’ என்று எழுதியிருப்பார். இரண்டுமே உண்மை. ஒருவர் நெருங்கி வந்து பதில் கேட்கிறார், மற்றவர் ஒதுங்குகிறார். ஒதுங்குவதைப் பார்த்த பதற்றத்தில் முதலாமவர் இன்னும் அழுத்திக் கேட்கிறார், அந்த அழுத்தம் தாங்காமல் மற்றவர் இன்னும் ஒதுங்குகிறார். கவுன்சலிங்குக்கு வரும் தம்பதிகளிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது இந்தச் சுழலைத்தான்.

தீர்ப்புச் சொல்வார்களா என்று கேட்டீர்கள். மாட்டார்கள். ‘தப்பு இவர்மேல்தான்’ என்று ஒரு ஆலோசகர் சொன்னால் இரண்டாவது முறை அவரிடம் போகாதீர்கள். நாங்கள் கவனிப்பது உங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சுழலை. அது எங்கே ஆரம்பிக்கிறது, எந்தச் சொல்லில் வேகமெடுக்கிறது, எங்கே அதை நிறுத்த முடியும் என்பதுதான் எங்கள் வேலை.

உங்கள் கணவரின் மௌனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், ராபர்ட் லெவன்சனுடன் சேர்ந்து, தம்பதிகள் வாக்குவாதம் செய்யும்போது அவர்களுடைய இதயத் துடிப்பு, வியர்வை போன்றவற்றைக் கருவிகள் வைத்துப் பல ஆண்டுகள் அளந்தார். வெளியே கல் மாதிரி உட்கார்ந்திருப்பவரின் இதயம் பல நேரம் நிமிடத்துக்கு 100 துடிப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார் காட்மன். இப்படி வாயடைத்துப் போவது ஆண்களிடமே அதிகம் என்பதும் அவருடைய கணிப்பு. ஆகவே ‘அவருக்கு அக்கறையே இல்லை’ என்று நீங்கள் படிக்கும் அந்த முகத்துக்குப் பின்னால் திணறல் இருக்கலாம். சண்டை இன்னும் பெரிதாகிவிடக் கூடாது என்ற முயற்சியும் இருக்கலாம். அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருப்பது சரியாகிவிடாது. 20 நிமிடம் உடம்புக்கான ஓய்வு. இரண்டு நாள் என்பது எதிரில் இருப்பவரைத் தனியாக விட்டுவிடுவது. இந்த வித்தியாசத்தை அவர் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். அதை உங்கள் வாயால் கேட்பதைவிட, இருவருக்கும் பொதுவான ஒருவர் சொல்லிக் கேட்பது அவருக்குச் சுலபம்.

சரி, திரை வழியாகப் பலன் இருக்குமா?

நேரில் நடக்கும் கவுன்சலிங்கின் நிலவரத்தை முதலில் சொல்கிறேன். அப்போதுதான் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது தெரியும். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், நீல் ஜேக்கப்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், நீண்ட காலமாகக் கடுமையான பிணக்கில் இருந்த 134 தம்பதிகளுக்கு அதிகபட்சம் 26 செஷன்கள் கொடுத்தார்கள். முடிந்து ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது சுமார் பாதிப் பேர் குறிப்பிடத்தக்க முன்னேற்றத்தோடு இருந்தார்கள். நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் பிரிந்திருந்தார்கள். அவர்கள் மிக மோசமான நிலையில் வந்தவர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பார்த்தால் இது நல்ல பலன். எல்லோருக்கும் பலிக்கும் மருந்தில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.

ஆன்லைனுக்கு வருவோம். 2022-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 30 தம்பதிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நேரிலும் மற்றவர்களுக்கு வீடியோ வழியாகவும் அதே கவுன்சலிங்கைக் கொடுத்தார்கள். இரண்டு பிரிவிலும் உறவில் திருப்தி கூடியது. ஆலோசகரோடு ஏற்படும் நெருக்கத்திலும் நம்பிக்கையிலும்கூடச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் கணவரின் தயக்கம் இருக்கும் அதே இடத்தைத் தொடுகிறது. இன்னொன்று, மயாமி பல்கலைக்கழகத்தின் பிரையன் டாஸும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்டது. 300 தம்பதிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் தங்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் ஒரு பயிற்சித் திட்டத்தை எட்டு மணி நேரத்துக்குள் முடிக்கும்படி செய்தார்கள். நடுநடுவே ஒரு வழிகாட்டியோடு சின்னச் சின்ன உரையாடல்கள் இருந்தன. காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்ட மற்றப் பிரிவினரோடு ஒப்பிட்டபோது இவர்களுடைய உறவு தெளிவாக மேம்பட்டிருந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்திருந்தன. ஒரு வருடம் கழித்தும் அந்தப் பலன் கரைந்துவிடவில்லை.

ஆய்வுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டாலும், உங்கள் இருவருக்கும் இந்த வழி பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. உங்கள் சண்டை நடப்பதே திரையில்தான். ஒவ்வொரு இரவும் வீடியோ காலில் தொடங்கி வீடியோ காலில் உடைகிறது. நேரில் ஓர் அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பழகினால், அந்தப் பழக்கத்தைத் திரும்பத் திரைக்குக் கொண்டுவர இன்னொரு முறை பாடுபட வேண்டும். எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கேயே பயிற்சி எடுப்பது நல்லது. அவர் ஊருக்கு வரும் அந்த இரண்டு முறைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. வாரம் தவறாமல் செஷன் நடப்பது பலனுக்கு ரொம்ப முக்கியம்.

ஒதுங்கும் சுபாவம் உள்ளவர்களுக்குத் திரை ஒருவகையில் வசதியும்கூட. புது இடம், வரவேற்பறை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்நியர்கள் என்று எதுவும் இல்லை. தன் அறையில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சிலர் நேரில் ஒரு மாதம் ஆகியும் சொல்லாததை இங்கே இரண்டாவது செஷனிலேயே சொல்லிவிடுவார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. இணைய அழைப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் விளங்காது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்தே ஆக வேண்டும். சண்டை போடும் தம்பதிகளுக்கு நாங்கள் படாதபாடு பட்டுக் கற்றுக்கொடுக்கும் ஒழுங்கு இது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசகருக்கு உங்கள் முகம்தான் தெரியும். நடுங்கும் கையோ, தரையில் தட்டிக்கொண்டிருக்கும் காலோ தெரியாது. கோபத்தில் அறையை விட்டு எழுந்து போவதைவிட ஒரு பொத்தானை அழுத்தி வெளியேறுவது மிகச் சுலபம். உங்கள் கணவருக்கு ஏற்கெனவே போனை வைத்துவிடும் பழக்கம் இருப்பதால் இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தாங்க முடியாவிட்டால் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் கேமராவை அணைக்கலாம், அழைப்பை விட்டு மட்டும் வெளியே போகக் கூடாது. ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் யார் யாரைப் போனில் கூப்பிடுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் முதல் செஷனில் இருவரும் சேர்ந்து இருப்பீர்கள். அடுத்து உங்களோடு தனியாக ஒன்று, அவரோடு தனியாக ஒன்று. அப்புறம் மறுபடி சேர்ந்து உட்காரும்போது, ‘உங்கள் இருவருக்கும் நடுவில் நடப்பதாக நான் புரிந்துகொண்டது இது, இதில் எதை மாற்றப் பார்க்கலாம்’ என்று ஆலோசகர் தன் கணிப்பை உங்கள் முன் வைப்பார். ஒரு செஷன் 50 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை இருக்கலாம். மொத்தம் எத்தனை என்பது ஆளுக்கு ஆள் மாறும். 8 முதல் 20 வரை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். தனிச் செஷனில் சொல்லும் ரகசியத்தை அவர் எப்படிக் கையாள்வார் என்பதை முதலிலேயே கேளுங்கள். ‘உறவைப் பாதிக்கும் எதையும் ஒருவரிடமிருந்து மறைத்து வைக்க மாட்டேன்’ என்று பல ஆலோசகர்கள் விதி வைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான வேலை. ஓர் உதாரணம் சொல்கிறேன், நானே கற்பனை செய்தது. நீங்கள், ‘காலையிலிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை’ என்கிறீர்கள். அவர், ‘வேலை இருந்தது’ என்கிறார். நீங்கள், ‘எல்லாருக்கும்தான் வேலை இருக்கு’ என்கிறீர்கள். வீட்டில் என்றால் இது அடுத்த நிமிடத்தில் போன வருடச் சண்டைக்குப் போய்விடும். ஆலோசகர் இந்த மூன்றாவது வரியிலேயே நிறுத்துவார். ‘அவர் வேலை இருந்தது என்று சொன்னபோது உங்களுக்குள் என்ன ஆயிற்று?’ என்று உங்களிடம் கேட்பார். முதலில் ‘கோபம் வந்தது’ என்பீர்கள். அவர் விடாமல், பொறுமையாக, அந்தக் கோபத்துக்கு முந்தைய நொடியைத் தேடச் சொல்வார். ‘நான் அவர் ஞாபகத்திலேயே இல்லையோன்னு பயமா இருந்தது’ என்று ஒரு வாக்கியம் வரலாம். பிறகு கணவர் பக்கம் திரும்பி, ‘இவர் குரல் உயரும்போது உங்களுக்குள் என்ன ஓடுகிறது?’ என்பார். ‘நான் என்ன செஞ்சாலும் போதலைன்னு தோணும். பேசினா இன்னும் தப்பாகும்னு வாயை மூடிக்குவேன்’ என்று அவர் சொல்லலாம். 11 வருடத்தில் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒருவர் காதில் ஒருவருக்கு விழுந்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு பழைய மாதிரி கோபப்படுவது இருவருக்குமே கொஞ்சம் கடினமாகிவிடும்.

1980-களில் கனடாவில் சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பெர்க் இருவரும் உருவாக்கிய முறை, உணர்ச்சிகளை மையமாக வைத்த இந்த வழியில்தான் போகும். குழந்தைக்குத் தாயின் அருகாமை எப்படிப் பாதுகாப்போ, அதேபோல் வளர்ந்தவர்களுக்கும் ‘கூப்பிட்டால் இவர் வருவார்’ என்ற உறுதி தேவை என்பது அதன் அடிப்படை. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பி குழந்தைகளை வைத்துச் சொன்ன பிணைப்புக் கோட்பாட்டிலிருந்து வந்தது. வேறு முறைகளும் இருக்கின்றன. எந்த முறை என்பதைவிட, அதில் முறையாகப் பயிற்சி பெற்றவரா என்பதைப் பார்ப்பது உங்களுக்கு முக்கியம்.

பணத் தகராறு இதில் தீர்ந்துவிடுமா என்றால், முழுதாகத் தீராது என்றுதான் நினைக்கிறேன். தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் சுமார் 69 சதவீதம் கடைசிவரை தீராதவை என்று காட்மன் கணக்கிட்டார். சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் அவை இருக்கின்றன. ஆனால் அவர்கள் அதையே பேசும்போது நடுவில் ஒரு சிரிப்பு வரும், ‘நீ சொல்றது புரியுது’ என்ற ஒரு சொல் வரும். வாக்குவாதத்தின் நடுவிலும் ஒரு கசப்புக்கு ஐந்து இதமான பரிமாற்றங்கள் என்ற விகிதத்தை நிலைத்த மணவாழ்க்கைகளில் அவர் கண்டார். ‘சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று’ என்ற உங்கள் வரிதான் எனக்குப் பணத் தகராறைவிடக் கவலை தருகிறது. கவுன்சலிங்கில் முதலில் அதைத்தான் மீட்கப் பார்ப்பேன்.

வாரத்தில் ஒரு மணி நேரம்தான் ஆலோசகரோடு. மீதி நாட்களில் நீங்கள் செய்வதில்தான் பலன் இருக்கிறது. செஷன் தொடங்கும்வரை காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். மகனோடு பேசும் அழைப்பையும் நீங்கள் இருவரும் பேசும் அழைப்பையும் பிரித்துவிடுங்கள். பணக் கணக்குக்கு வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், பகலில் ஒதுக்குங்கள். இரவு பத்து மணிக்கு, இருவரும் களைத்திருக்கும்போது அந்தப் பேச்சே வேண்டாம். ஒரு பேச்சின் முதல் மூன்று நிமிடம் எப்படிப் போகிறதோ, பெரும்பாலும் அதே வழியில்தான் அது முடிகிறது. ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்று தொடங்குவதற்குப் பதிலாக, ‘இன்னிக்குப் பூரா உங்க குரலைக் கேட்காம ஒரு மாதிரி இருந்தது. காலைல ஒரு வரி அனுப்பினீங்கன்னா நல்லா இருக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். வலியும் அதேதான், கோரிக்கையும் அதேதான், ஆனால் அவர் தற்காப்புக்குப் போக வேண்டிய அவசியம் குறைகிறது. அவர் பங்குக்கு, ‘சரி, விடு’ என்பதற்குப் பதிலாக, ‘எனக்கு அரை மணி நேரம் வேணும், ஒன்பதரைக்கு நானே கூப்பிடறேன்’ என்று சொல்லிவிட்டு, ஒன்பதரைக்குக் கூப்பிடவும் வேண்டும். இடைவேளை கேட்டவர்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு விதி உறுதியாகிவிட்டால் அந்த இரண்டு நாள் மௌனம் உடையத் தொடங்கும்.

காலை மெசேஜை அற்ப விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதுமணத் தம்பதிகளை ஆய்வகத்தில் கவனித்துவிட்டு ஆறு வருடம் கழித்து மறுபடி தேடிப் பார்த்தது காட்மனின் குழு. ஒருவர் கவனத்தைக் கேட்டுச் சொல்லும் சின்னச் சொல்லுக்கு மற்றவர் திரும்பிப் பார்த்துப் பதில் தந்தது, சேர்ந்திருந்தவர்களிடம் 86 சதவீதம், விவாகரத்தானவர்களிடம் 33 சதவீதம். நீங்கள் கேட்கும் அந்த ஒரு வரி மெசேஜ் இந்தக் கணக்கில் வருவதுதான்.

எல்லோருக்கும் இந்தக் கவுன்சலிங் பொருந்தாது. அடி, மிரட்டல், போனைக் கண்காணிப்பது, பணத்தையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்துவது போன்றவை இருக்கும் உறவில் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பது ஆபத்து. செஷனில் சொன்ன ஓர் உண்மைக்கு இரவில் தண்டனை கிடைக்கலாம். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலோசகரால் குறுக்கே வரவும் முடியாது. அப்படிப்பட்டவர்கள் முதலில் தனியாக உதவி தேட வேண்டும். உங்கள் வீட்டில் அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். இருந்தாலும் தனிச் செஷனில் ஆலோசகர் இதைக் கட்டாயம் கேட்பார். கேட்க வேண்டும். அவசரத்துக்கு உதவி அனுப்ப நீங்கள் இருக்கும் முகவரியையும் கேட்பார், தயங்காமல் கொடுங்கள். கட்டுக்கடங்காத குடிப்பழக்கம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவை இருந்தாலும் நேரடி மருத்துவ உதவிக்குத்தான் முதல் இடம்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். தனிநபர் கவுன்சலிங்கில் கெட்டிக்காரராக இருப்பவருக்குத் தம்பதிகளைக் கையாளும் பயிற்சி இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் பக்கமும் ஒரே நேரத்தில் நிற்பது தனித் திறமை. ‘தம்பதியர் கவுன்சலிங்கில் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, எந்த முறையில்?’ என்று நேராகக் கேளுங்கள். நல்ல ஆலோசகர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் இருவரும் இரண்டு இடங்களில் இருப்பதால், இரண்டு இடங்களிலும் அவர் தொழில் செய்ய அனுமதி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். சில நாடுகளில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். செஷன் பதிவு செய்யப்படுமா, குறிப்புகளை எங்கே வைத்திருப்பார்கள், யார் பார்க்க முடியும் என்பவையும் உங்கள் உரிமைக்கு உட்பட்ட கேள்விகள். தானாகப் பதில் சொல்லும் சாட்பாட் செயலிகளைத் தம்பதியர் ஆலோசகர் என்று விற்பதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். உங்களில் ஒருவர் மட்டும் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டு அது தலையாட்டும். இன்னொருவரின் திணறலை அது பார்க்கவே இல்லை.

செஷன் அன்று மகன் தூங்கிய பிறகோ, வேறு யாராவது அவனைப் பார்த்துக்கொள்ளும் நேரத்திலோ உட்காருங்கள். இருவரும் ஹெட்ஃபோன் போடுங்கள், கதவைச் சாத்துங்கள், போனைக் கையில் பிடிக்காமல் நிலையாக எங்காவது நிறுத்தி வையுங்கள். திரையில் உங்கள் முகமே உங்களுக்குத் தெரிவதை மறைத்துவிடுங்கள். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழ யாருக்கும் வராது. முடிந்த கையோடு வேறு வேலைக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அன்று இரவு அதே விஷயத்தை இருவரும் மறுபடி கிளற வேண்டாம்.

உங்கள் கணவரை எப்படி அழைப்பது? சண்டை முடிந்த சூட்டில் கேட்காதீர்கள். ‘கவுன்சலிங் போகலாம்’ என்பது அந்த நேரத்தில் ‘நீங்கதான் சரியில்லை’ என்று கேட்கும். அவர் ஊருக்கு வந்திருக்கும்போது, ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, உங்கள் பங்கிலிருந்து ஆரம்பியுங்கள். ‘நான் உங்களைத் துரத்தித் துரத்திக் கேட்கிறேன்னு எனக்கே தெரியுது. அதை எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்களும் கூட இருந்தா கத்துக்க முடியும்னு தோணுது.’ இதைக் கேட்டதும் அவர் முகம் மாறும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். ஆனால் இதில் அவர் மறுத்தாக வேண்டிய குற்றச்சாட்டு எதுவும் இல்லை. முகம் தெரியாதவர் என்பது அவருடைய தடை என்றால், இரண்டு மூன்று ஆலோசகர்களை நீங்கள் பார்த்து வையுங்கள், அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். பலர் செஷனுக்கு முன்னால் ஒரு சின்ன அறிமுக அழைப்புக்குச் சம்மதிப்பார்கள். ‘மூன்று செஷன் மட்டும். அதுக்கப்புறம் வேண்டாம்னு தோணினா விட்டுடலாம்’ என்று எல்லை வைத்துக் கேளுங்கள். எல்லை தெரிந்தால் ஒதுங்குகிறவர்களுக்கு உள்ளே வருவது சுலபம். அவர் கேட்டது ஒரு நியாயமான கேள்வி என்றும் சொல்லுங்கள். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லத் தயங்குவது அந்த வீட்டின் மேல் இருக்கும் அக்கறையாலும் இருக்கலாம்.

அப்படியும் வரவில்லை என்றால் நீங்கள் தனியாகத் தொடங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் சுழலில் ஒருவர் தன் பங்கை மாற்றினாலும் மற்றவர் பழைய மாதிரியே தொடர்வது கடினம். அழுத்திக் கேட்பதை நீங்கள் குறைத்த பிறகும் அவர் அதே தூரத்தில் நிற்கிறாரா, கொஞ்சமாவது நெருங்கி வருகிறாரா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். இதன் அர்த்தம் உறவின் முழுப் பாரத்தையும் நீங்களே சுமக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மனம் சோர்ந்திருந்தால் அதற்கும் அங்கே இடம் உண்டு. ஒருவேளை, பிரிவதா சேர்ந்திருப்பதா என்றே உங்களில் ஒருவருக்குக் குழப்பம் என்று பேச்சில் தெரியவந்தால், அமெரிக்க ஆலோசகர் வில்லியம் டோஹெர்ட்டி உருவாக்கிய ஒரு சிறு முறை இருக்கிறது. ஐந்து செஷன்களுக்கு மிகாமல், அந்த முடிவைத் தெளிவாக்க மட்டுமே உதவும்.

தனியாகப் போவதை அவரிடம் மறைக்க வேண்டாம். ‘நான் அடுத்த வாரத்திலிருந்து பேசப் போறேன், நீங்க எப்ப வேணும்னாலும் சேர்ந்துக்கலாம்’ என்று சொல்லிவிடுங்கள். நேரம் வாங்கும்போது ஆலோசகரிடம் ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள். உங்களை மட்டும் பல மாதம் பார்த்த ஒருவர் பிறகு உங்கள் இருவருக்கும் ஆலோசகராக இருப்பது கணவருக்கு ஒருதலைப்பட்சமாகத் தோன்றும். நாளைக்கு அவர் வரச் சம்மதித்தால் நீங்களே தொடர்வீர்களா, வேறொருவரைப் பரிந்துரைப்பீர்களா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.